யாழ்ப்பாணம்: நல்லூருக்கும் கோட்டைக்கும் அப்பால்

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தடத்திலேயே சுற்றித் திரும்புகின்றன. நல்லூர், கோட்டை, பொது நூலகம், கீரிமலை, நயினாதீவு, மாலையில் ஓர் ஐஸ்கிரீம் கடை என்று அந்தத் தடம் வகுக்கப்பட்டிருக்கிறது. இவை யாவும் பார்க்க வேண்டியவையே. ஆயினும் இம்முறை, கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுடன் வந்திருந்த நாங்கள், ஊரவர்கள் அன்றாடம் நம்பியிருக்கும் உணவகங்களையும் பேருந்துகளையும் 'பாதை' எனப்படும் கடல் மிதவையையும் பயன்படுத்தியே நகரையும் அதைச் சூழ்ந்த கரைகளையும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அந்தச் சேவைகள் எவ்வளவு நன்றாக நடக்கின்றன என்பதை ஊருக்கு வரவிருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகம். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் உருவான இந்த உணவகங்களில் சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் பெண்களே. தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் நடப்பவையும் இதே வகையைச் சேர்ந்தவை. சமையல் கண்முன்னே நடக்கிறது. ஒருவர் தோசை வார்க்க, அடுத்தவர் குழற்புட்டை இறக்க, இன்னொருவர் வடை பொரிக்க, வாடிக்கையாளர் வேண்டியதைத் தாமே வாங்கிச் சென்று அமர்ந்து சாப்பிடுகிறார். அரிசி மாப் புட்டுடன் குரக்கன் புட்டும், காலையில் இலைக்கஞ்சியும் கிடைத்தன. விலை நகரத்து உணவகங்களைவிடக் கணிசமாகக் குறைவு. சுத்தம் அவற்றில் பலவற்றைவிட மேல். அவசரமாக எழுந்த என் மகளைப் பார்த்து, "ஏன் பிள்ளை ஓடுறியள், இருந்து ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று சொன்ன அம்மாவின் குரலில் இருந்த உரிமையை எந்த விடுதியின் உபசரிப்பிலும் நாங்கள் காணவில்லை.

ஒடியற் கூழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டில் நாம் காய்ச்சும் கூழ் அதன் நிழல் மட்டுமே. பனங்கிழங்கைப் பச்சையாகவே பிளந்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டுக் காறலைப் போக்கிய பின்னரே கூழுக்கு எடுக்கிறார்கள். நண்டு, இறால், மீன், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியவை பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்ந்த நீரில் வெந்ததும் இந்த மா கரைத்து ஊற்றப்படுகிறது. நகரில் சில உணவகங்கள் முன்கூட்டியே சொன்னால் செய்து தருகின்றன. அப்படிச் சொல்லி வைத்த ஓரிடத்தில் கோப்பையுடன் பலா இலையையும் கொண்டுவந்து, அதைக் கோலிப் பிடித்து உறிஞ்சும் முறையைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகக் காட்டித் தந்தார்கள்.

கலையைத் தேடுவோர் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தைத் தவறவிடக்கூடாது. நாவலர் மண்டபத்தின் பின்புறம் மறைந்திருப்பதால் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். வாசலில் கோட்டையிலிருந்து வந்த பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும், உள்ளே ஏழு வாய்களைக் கொண்ட இசைப்பானையும் இருக்கின்றன. நகருக்குள் நுழையும் வழியில், நாவற்குழியில், 2018இல் திறக்கப்பட்ட திருவாசக அரண்மனையில் திருவாசகத்தின் 658 பாடல்களும் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அருகிலேயே சிவபூமி அருங்காட்சியகமும் உண்டு. கூத்தில் ஆர்வமுள்ளவர்கள், 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தில் அந்த வாரம் ஏதேனும் நிகழ்ச்சி உண்டா என்று விசாரிப்பது நல்லது. குருநகர் போன்ற கரையோர ஊர்களின் தென்மோடிக் கூத்து மரபை இன்றைய மேடைக்குக் கொண்டுவந்ததில் அம்மன்றத்தின் உழைப்பு பெரியது.

கடலோரங்களில் எங்களுக்கு மிகவும் நிறைவளித்தது ஊர்காவற்துறைப் பயணம். பண்ணைத் தாம்போதியில் பேருந்து செல்லும்போது இருபுறமும் ஆழமற்ற கடலில் மீன் பிடிப்பதற்காக நடப்பட்ட களங்கட்டிகளைக் காணலாம். மாரி காலத்தில் இந்தப் பரவைக் கடற்பகுதிகளுக்குப் பூநாரைகளும் வருகின்றன. ஊர்காவற்துறையிலிருந்து காரைநகருக்குப் போகும் மிதவைப் பாதையில் கட்டணம் கிடையாது. துவிச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடைகளுமாக அது சில நிமிடங்களில் மறுகரை சேர்கிறது. போத்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை அந்நேரம் முழுவதும் கண்ணெதிரே நிற்கிறது. மறுகரையிலிருந்து கசூரினா கடற்கரைக்கு முச்சக்கர வண்டி போதும். அலை குறைந்த, நெடுந்தூரம் ஆழமில்லாத கடல் என்பதால் சிறுவர்களுடன் இறங்கலாம்.

மணற்காட்டுக்குப் பருத்தித்துறைப் பக்கமாகப் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து 750ஆம் இலக்கப் பேருந்தில் பருத்தித்துறை சென்று, தட்டை வடை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் வல்லிபுர ஆழ்வார் கோவில் வழியாகப் போனோம். மணல்மேடுகளுக்கு நடுவே பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயமும் அதைத் தாண்டிய சவுக்கங்காடும் யாழ்ப்பாணம் என்றதும் எவர் மனத்திலும் எழாத காட்சிகள். 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் இந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. அங்குள்ளவர்கள் அதைப் பற்றிப் பேசினால் நின்று கேளுங்கள். வெறும் படப்பிடிப்புத் தளமாக அந்த இடத்தை நடத்த வேண்டாம்.

வாகன வாடகையில் மட்டும் கவனம் தேவை. ஒரு வாடகை நிறுவனம் தொலைபேசியில் ஒரு தொகையைச் சொல்லி, எங்கள் பேச்சிலிருந்து வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் நேரில் வேறொரு தொகையைக் கேட்டது. தூரத்தையும் காத்திருப்பு நேரத்தையும் குறிப்பிட்டு, எழுத்தில் விலை பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு. பேருந்தில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தீவுப்பகுதிப் பேருந்துகள் மாலையில் குறைந்துவிடுகின்றன. கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணற்காட்டுக்கு அதிகாலையில் போவதே நல்லது. மேடுகளில் நிழல் இல்லை, பத்து மணிக்குப் பிறகு மணல் காலைச் சுடும், குடிநீரைப் பருத்தித்துறையிலேயே வாங்கிச் செல்ல வேண்டும்.