ரப்பர் பால்: டிரம்மில் விற்பதா, ஷீட் அடிப்பதா, ஒட்டுப்பாலாக விடுவதா?

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் குமரி மாவட்டத்தில் சாய்த்துப்போட்ட ரப்பர் மரங்களின் இடத்தில், அடுத்த வருடமே பலர் புதுக்கன்று நட்டார்கள். ரப்பர் வெட்டுக்கு வர ஏழு வருடம் பிடிக்கும். ஆக, அந்தத் தோட்டங்கள் இப்போதுதான் பால் கொடுக்கத் தொடங்குகின்றன. குலசேகரம், அருமனை, திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் முதல் தடவையாகத் தோட்டத்தைக் கையில் எடுக்கிற இளைஞர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பாலாகவே டிரம்மில் ஏற்றிவிடலாம், உறையவைத்து மெஷினில் அழுத்தித் தகடாக்கிப் புகைபோட்டு ஷீட் அடிக்கலாம், சிரட்டையிலேயே உறையவிட்டு ஒட்டுப்பாலாகக் கொடுக்கலாம். விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். பாலின் குணத்தையும் அதைத் தொடுகிற பாத்திரத்தின் குணத்தையும் தெரிந்துகொண்டால் முடிவு வேறு மாதிரி அமையும் என்பது என் எண்ணம்.

ரப்பர் பால் ஒரு கூழ்மம். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் மிதக்கின்றன. பெரிய துகளே சில மைக்ரான்தான். ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை உண்டு. அந்த உறையில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. வெட்டிய உடனே பாலின் பி.எச். அளவு (குறைந்தால் புளிப்பு கூடியது என்று அர்த்தம்) 7-க்குப் பக்கத்தில் இருக்கும். அது 5-க்கு அருகே இறங்கினால் மின்னூட்டம் அடங்கி, துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்கி அந்த வேலையைத் தானே செய்துவிடும், நாம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். எப்போது உறைய வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், நாமா, பாக்டீரியாவா? மூன்று வழிகளுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

முதலில் டிரம். இதில் பால் உறையவே கூடாது. அதற்காக அமோனியா சேர்க்கிறோம். வெட்டிய பாலைப் பல நாள் வைத்திருக்க வேண்டுமானால் குறைந்தது 1 சதவீதம் வேண்டும். அமோனியா பாக்டீரியாவையும் அடக்கும், பி.எச். அளவையும் 10-க்கு மேலே தூக்கி நிறுத்தும். இப்படிப் போகிற பாலை ஆலையில் சுழற்றிப் பிரித்து, 60 சதவீத ரப்பர் உள்ள செறிவுப் பாலாக்குகிறார்கள். கையுறையும் பலூனும் அதிலிருந்துதான். வீட்டில் மெஷின் வேண்டாம், புகை வேண்டாம், ஆள்கூலி குறைவு. ஆனால் காசு கிடைப்பது பாலின் எடைக்கு அல்ல, அதிலுள்ள உலர் ரப்பருக்கு. அதை வாங்குகிறவர் அளக்கிறார். 100 கிலோ பாலில் 35 சதவீதம் இருக்கிறது என்று வையுங்கள். அவர் 32 என்று எழுதினால் 3 கிலோ ரப்பர் போய்விடும். மாதம் முழுக்க இப்படிப் போனால் கணக்குப் பாருங்கள். நம் கண்முன்னால் மாதிரி எடுத்து, உலர்த்தி எடைபோட்டுக் காட்டும் இடத்துக்கு மட்டும் பால் கொடுங்கள். மிதவைக் கருவியை முக்கி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் வேண்டாம்.

பாத்திர விஷயத்தில் நம் ஊரில் அக்கறை போதவில்லை. வீட்டுப் பரணில் கிடக்கிற பித்தளை அண்டா, செம்புப் பாத்திரம், நாகம் (துத்தநாகம்) பூசிய வாளி என்று கையில் கிடைத்ததில் பாலை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்பு ரப்பருக்கு விஷம். கொஞ்சம் செம்பு கலந்தாலும் ரப்பர் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெட்டு, பிசுபிசுத்து, வலு இழந்துவிடும். அதனால்தான் செறிவுப் பாலுக்கான சர்வதேசத் தர அளவில், திடப்பொருள் கிலோவுக்கு 8 மில்லிகிராம் செம்புக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். மாங்கனீசுக்கும் அதே வரம்புதான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். இரண்டிலும் செம்பே அதிகம், போதாததற்கு அமோனியா செம்பைக் கரைத்து நீல நிறமாக இழுத்து வரும். மழைக்கு முன்னால் இலை உதிர்வு நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கிற தோட்டங்களில், மருந்து கலக்கிய வாளியைப் பாலுக்கு எடுக்கவே கூடாது.

நாகம் பூசிய வாளியைப் பலரும் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். தண்ணீருக்கு அது சரி. அமோனியா கலந்த பாலில் துத்தநாகம் கரைந்து, பால் தடித்துக் கட்டி தட்டத் தொடங்கும். ஆசிட் பக்கம் போனாலும் பூச்சு கரையும். பூச்சில்லாத இரும்பு அமோனியாவுக்கு ஓரளவு தாங்கும், ஆனால் துரு விட்டுப் பாலைக் கறைப்படுத்தும்.

அலுமினியத்துக்கு மேலே ஒரு ஆக்சைடு படலம் உண்டு. பி.எச். சுமார் 4 முதல் 9 வரை அது நிலைத்து நிற்கும். ஷீட்டுக்குப் பாலை உறைய வைப்பது 5-க்குப் பக்கத்தில்தான் என்பதால் அலுமினிய டிஷ் (பாலை ஊற்றி உறையவைக்கிற தட்டு) அந்த வேலைக்குப் பொருத்தம். இலேசாகவும் இருக்கும், ஷீட் ஒட்டாமல் கழன்றும் வரும். அமோனியாப் பாலை அதில் நாள்கணக்கில் வைத்தால் படலம் நிற்காது. எவர்சில்வர் இரண்டு பக்கத்துக்கும் தாங்கும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த வகையில் குரோமியப் படலம் கீறல் விழுந்தாலும் தானே திரும்ப வளரும். விலைதான் இடிக்கும். அதனால் டிரம்முக்கு நீல நிறக் கெட்டிப் பிளாஸ்டிக்கும், ஷீட்டுக்கு அலுமினிய டிஷ்ஷும் போதும் என்பேன்.

இனி ஷீட். பாலைத் தண்ணீர் விட்டு 12.5 சதவீத ரப்பராக நீர்க்கச் செய்து, டிஷ்ஷுக்கு 4 லிட்டர் ஊற்றினால் அரைக் கிலோ ஷீட் வரும். மேலே சொன்ன 100 கிலோ பாலுக்கு 70 ஷீட், ஏறக்குறைய 180 லிட்டர் தெளிந்த தண்ணீர். கிணறு வற்றுகிற இடத்தில் இதுவே ஒரு பிரச்சினை. உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட்டா, சல்ஃப்யூரிக் ஆசிட்டா? இரண்டாவது மலிவு, அதனால் கடைக்காரர் அதைத்தான் நீட்டுவார். ஃபார்மிக் ஆவியாகிப் போய்விடும். சல்ஃப்யூரிக் ஷீட்டிலேயே தங்கி உலர்வதைத் தாமதமாக்கும், டிஷ்ஷையும் மெஷின் உருளையையும் அரிக்கும், கழுவிய தண்ணீர் தோட்டத்து மண்ணைக் கெடுக்கும். சேமித்த காசு இதில் திரும்பப் போய்விடும். எந்த ஆசிட்டானாலும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அடித்த ஷீட்டை 50, 60 டிகிரியில் சுமார் நாலு நாள் புகைக்க வேண்டும். சூடு ஈரத்தை எடுக்கும், புகையிலுள்ள பொருள்கள் பூசணத்தைத் தடுக்கும். குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. கொடியில் காயப்போட்டால் பூசணம் பிடித்துத் தரம் இறங்கிவிடும். வெயிலிலேயே காயவைத்தாலும் ரப்பர் கெடும். ஒரு ஏக்கருக்குத் தனியாகப் புகைக்கூடம் கட்டுப்படியாகாது. ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் அருகில் இருந்து பொதுப் புகைக்கூடம் நடத்தினால் ஷீட்தான் நல்ல வழி. காய்ந்த ஷீட்டை வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம். பாலுக்கு அந்த வசதி கிடையாது.

ஒட்டுப்பாலுக்கு ஆசிட்டும் வேண்டாம், டிஷ்ஷும் வேண்டாம். வெட்டிவிட்டுப் போனால் போதும், பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். நாற்றம் அடிக்கும், ஈரத்துக்கும் தூசிக்கும் எடையில் கழிப்பார்கள், விலை குறைவு. இதன் போக்கிடம் கட்டி ரப்பர் ஆலை. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு தோட்டத்தை ஆளிடம் விட்டிருப்பவர்களுக்கும், வெட்டுக்காரர் காலையில் வெட்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓட வேண்டிய இடங்களுக்கும் இது பொருந்தும். அப்படி விட்டாலும் பட்டைத் துண்டும் மண்ணும் கலக்காமல் எடுத்தால் கழிவு குறையும்.

நூறு மரத்துக்கு உள்ளே, வீட்டில் இரண்டு பேர் காலையில் கைகொடுப்பார்கள், புகைக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்றால் ஷீட் அடியுங்கள். முன்னூறு நானூறு மரம் இருந்து, தண்ணீரும் ஆளும் குறைவு, ஆனால் நேர்மையாக அளக்கிற பால் வாங்குமிடம் பக்கத்தில் உண்டு என்றால் டிரம். மழை நாட்களில் இரண்டுக்கும் நடுவே ஒட்டுப்பாலுக்கு மாறுவதில் தப்பில்லை. ஆனால் வருடம் முழுக்க ஒட்டுப்பால் என்று முடிவு செய்வதற்கு முன்னால், ஒரு மாதம் ஷீட் அடித்து இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதிப் பாருங்கள். அதற்கு முன்னால், அந்தப் பித்தளை அண்டாவைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.