பன்றி வேட்டைக்கு தெர்மலா, நைட் விஷனா?

டெக்சாஸில் என் நண்பரின் சோளக்காட்டைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். அங்கே நில உரிமையாளர் அனுமதித்தால் இரவிலும் பன்றி சுடலாம்.

முதலில் வாங்கியது டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப், அதாவது துப்பாக்கியில் மாட்டி இருட்டில் குறிபார்க்கும் கருவி. விலை குறைவு, பகலிலும் உதவும், 100 கெஜத்தில் காது, வால் வரை தெரியும். ஆனால் கும்மிருட்டில் அகச்சிவப்பு விளக்கு வேண்டும். உயரமான புல்லில் அந்த ஒளி பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளையாகிவிடும். அப்படி ஒரு கூட்டத்தையே தவறவிட்டேன்.

அப்புறம் 384×288 பிக்சல் சென்சார் உள்ள தெர்மல் ஸ்கோப் வாங்கினேன். உடல் வெப்பத்தையே படமாக்குவதால் விளக்கே வேண்டாம். 300 கெஜத்துக்கு அப்பால் மேயும் கூட்டமும் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அந்தத் தூரத்தில் அது பன்றியா, கன்றுக்குட்டியா என்று சொல்வது கஷ்டம். பக்கத்திலேயே மாடு மேயும் நிலம் அது. உறுதியாகும்வரை விசையில் விரல் வைக்க மாட்டேன். வண்டிக் கண்ணாடி வழியாகவும் பார்க்க முடியாது, கண்ணாடி அந்த வெப்பக் கதிரை உள்ளே விடாது.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் தெர்மல்தான். காசு மிஞ்சினால் கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தெர்மல் மோனோகுலர் ஒன்றும் வாங்குங்கள். தேடுவதற்காகத் துப்பாக்கியை அங்குமிங்கும் திருப்ப வேண்டியதில்லை.