ராயபுரத்துல டிமென்ஷியா டே கேர்: எங்க அம்மாவ விட்டுப் பாத்ததுல தெரிஞ்சது

சென்னைல டிமென்ஷியா, அதாவது மறதி நோய் வந்த பெரியவங்களுக்கு டே கேர்னு தேடுனா வர்றது எல்லாம் அண்ணா நகர், ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம்தான். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடில இருக்கிறவங்க டெய்லி அம்மாவ கூட்டிட்டு அவ்ளோ தூரம் போயி வர முடியுமா சொல்லுங்க. அதனால ராயபுரத்துல ஒரு பழைய வீட்ட வாடகைக்கு எடுத்து நடத்துற இந்த இடத்தப் பத்தி கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன். பேரு போட வேணாம்னு நடத்துறவங்களே கேட்டுக்கிட்டாங்க, ஏற்கனவே நெறைய பேரு இடத்துக்காக காத்திட்டு இருக்காங்களாம்.

எங்க அம்மாவுக்கு 74 வயசு. எம்.சி. ரோடு புடவைக் கடைங்களுக்கு ஃபால்ஸ் அடிச்சு, முந்தானைக்கு குச்சு கட்டிக் குடுத்துதான் எங்க மூணு பேரையும் படிக்க வெச்சாங்க. மறதி ஜாஸ்தியானதும் ஸ்டான்லி ஆஸ்பத்திரில காட்டுனோம், எடுத்த உடனே டிமென்ஷியான்னு சொல்லிடல, பி12, தைராய்டு, தலைக்கு ஸ்கேன் எல்லாம் பாத்தாங்க, ஏன்னா அதுல கோளாறு இருந்தாலும் மறதி வரும், அத மருந்துல சரி பண்ண வாய்ப்பு இருக்கு. அம்மாவுக்கு அதெல்லாம் நார்மல், டிமென்ஷியால ஒரு வகையான அல்சைமர்ஸ்தான்னு சொன்னாங்க.

டே கேர் கெடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஏஜென்சில சொல்லி வீட்டுக்கு ஆள் போட்டோம், ஒரு ஷிப்டுக்கு 800 ரூபா. வந்த பொண்ணு மேல குத்தம் சொல்ல மாட்டேன், அதுக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுத்து அனுப்பல. சாயங்காலம் ஆனா அம்மா "வூட்டுக்குப் போணும், புள்ளைங்க ஸ்கூல் வுட்டு வந்துரும்"னு கதவாண்ட போயி நிப்பாங்க, பொழுது சாயுற நேரத்துல இந்த படபடப்பு டிமென்ஷியா இருக்கிற நெறைய பேருக்கு வரும். இந்தப் பொண்ணு "இதான் பாட்டி உங்க வீடு, உங்க புள்ளைக்கே அம்பது வயசாச்சு"ன்னு திரும்பத் திரும்ப சொல்லும், அம்மாவுக்கு கோவம் தலைக்கேறி கைய ஓங்கிடுவாங்க. கடைசில ஏஜென்சில இருந்தே போன் பண்ணி "தூங்குறதுக்கு ஒரு மாத்திரை எழுதி வாங்கிடுங்க மேடம், எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க"ன்னாங்க. அன்னிக்கே நிறுத்திட்டோம். ஆள அடக்கி வெக்கிறதுக்கு குடுக்குற மாத்திரைங்களால இவங்க கீழ விழுறது, ஸ்ட்ரோக் வர்றது, உயிர் போறது வரைக்கும் ஆபத்து இருக்கு, வேற வழியே இல்லாதப்ப டாக்டர் யோசிச்சு எழுத வேண்டியத ஆள் பத்தாத குறைக்கு குடுக்கலாமா?

இப்ப டே கேருக்கு வர்றேன். சேக்கும்போது ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, நாலு பக்கம், அதுல வியாதி பத்தி ஒரு பக்கம்தான். மிச்சம் மூணு பக்கமும் அம்மாவப் பத்தி. எப்டிக் கூப்ட்டா திரும்பிப் பாப்பாங்க, என்ன வேலை செஞ்சாங்க, காபில சக்கரை எவ்ளோ, எதப் பாத்தா பயம், எந்தக் கிழமை எந்தக் கோயில்னு. வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன்னு எழுதிக் குடுத்தோம், இப்ப வெள்ளிக்கிழமை ஆனா அம்மாவுக்கு குங்குமம் வெச்சு தலைல பூ வெச்சு விடுறாங்க.

வேலைங்கற எடத்துல குச்சு கட்டுறதுன்னு எழுதுனோம்ல, ஒரு நாள் மத்தியானம் போயி ஓரமா உக்காந்து பாத்தேன். பழைய புடவை முந்தானைய டேபிள் விளிம்புல கிளிப் போட்டு, ஓரத்து நூலெல்லாம் பிரிச்சு அம்மா முன்னாடி வெச்சிருந்தாங்க. அங்க வேலை பாக்குற பொண்ணு கட்டுங்கன்னு சொல்லவே இல்ல, பக்கத்துல உக்காந்து தானா ஒரு முடிச்சு போட்டுது, கோணலா. அம்மா அது கையத் தட்டி விட்டுட்டு "இப்டியா கண்ணு, நூல சமமாப் பிரி, விரல்ல சுத்தி உள்ள வுட்டு இழு"ன்னு போட்டுக் காட்டுனாங்க பாருங்க! என் பேரு அவங்களுக்கு ஞாபகம் இல்ல, ஆனா முடிச்சு ஒவ்வொண்ணும் ஒரே அளவு. பேரு, தேதி, காலைல சாப்ட்டது எல்லாம் போனாலும் கை பழகுன வேலைய மூளைல வேற பகுதி பாத்துக்கறதால அது ரொம்ப நாளைக்கு நிக்கும்னு அங்க வர்ற சைக்காலஜிஸ்ட் சொன்னாங்க. டிவி முன்னாடி உக்கார வெக்கிற எடத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இதான்.

சாப்பாட்டுத் தட்டு செவப்பு கலரு. வெள்ளத் தட்டுல தயிர் சோறு போட்டா இவங்களுக்கு சோறு எது தட்டு எதுன்னு பிரிச்சுத் தெரியாம பாதிலயே விட்டுடுவாங்களாம், எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி இருக்கிறதும் அப்டித்தான். வாசல்ல கறுப்பு மிதியடி கெடையாது, குழின்னு நெனச்சு தாண்டப் போயி விழுவாங்க. பாத்ரூம் கண்ணாடிய துணி போட்டு மூடிட்டாங்க, உள்ள வேற யாரோ நிக்கறாங்கன்னு சில பேரு பயந்து குளிக்கவே மாட்டேங்கறாங்களாம். இதுக்கெல்லாம் பெரிய செலவே இல்ல, வீட்லயும் மாத்திட்டோம், அம்மா இப்ப தட்டு காலியாகுற வரைக்கும் சாப்புடுறாங்க.

சாயங்காலம் அதே "வூட்டுக்குப் போணும்" இங்கயும் வரும். இங்க யாரும் மறுத்துப் பேசல. "புள்ளைங்களுக்கு இன்னா டிபன் ஆயா?"ன்னு கேக்கறாங்க, "ரவா உப்புமாதான், வேற இன்னா கீது வூட்ல"ன்னு ஆரம்பிச்சு வெங்காய வெலை வரைக்கும் பேச்சு போயிடுது, அதுக்குள்ள வேன் வந்துடுது.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஒரு தடவ அம்மா திடீர்னு ரொம்பக் குழம்பி, செவத்தக் காட்டி யாரு கூடவோ பேச ஆரம்பிச்சிட்டாங்க. வியாதி முத்திடுச்சுன்னு விடாம நர்ஸ் அக்கா அன்னிக்கே யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, பாத்தா யூரின் இன்ஃபெக்ஷன், ஆன்டிபயாடிக் போட்டதும் பழைய மாதிரி ஆயிட்டாங்க. வயசானவங்களுக்கு சில சமயம் ஜுரம் கூட இல்லாம குழப்பமாதான் அது வெளிய தெரியும். ஒன்னு ரெண்டு நாள்ல திடீர்னு மோசமானா தயவு செஞ்சு உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

கொறைங்களும் இருக்கு. மாடிப்படி ஏறணும், முட்டி வலிக்காரங்களுக்கு கஷ்டம். வேன் மெயின் ரோட்லதான் நிக்கும், மழை பெஞ்சு தெருல தண்ணி நின்னா அன்னிக்கு வராது. ஆம்பளைங்களப் பாத்துக்க ஆம்பள ஆள் ஒருத்தர்தான், அவர் லீவு போட்டா திண்டாட்டம். ஞாயித்துக்கிழமை கெடையாது, ராத்திரி தங்க வசதி கெடையாது. மாசம் 12,000 சாப்பாட்டோட சேத்து, குடுக்குற கவனிப்புக்கு நியாயமான காசுதான், ஆனா ஹார்பர்ல லோடு அடிக்கிற குடும்பத்தால, காசிமேட்டுல கூடை தூக்குற குடும்பத்தால முடியுமா? 60 வயசுக்கு மேல நூத்துல 7 பேருக்கு மேல டிமென்ஷியா, மொத்தம் 88 லட்சம் பேருன்னு நாடு முழுக்க எடுத்து 2023ல வெளியான ஆய்வுல வந்துது. கிண்டில பெரியவங்களுக்குன்னே 2024ல தேசிய ஆஸ்பத்திரி தொறந்தாங்க, ரொம்ப நல்லது, ஆனா வைத்தியம் வேற, தெனம் பகல் பொழுத ஓட்டுறது வேற. கார்ப்பரேஷன் சமூக நலக் கூடம் எத்தனையோ பகல்ல பூட்டிதான கெடக்குது, வட சென்னைல ஒரு மண்டலத்துக்கு ஒண்ணுல இத ஆரம்பிங்கன்னு கவுன்சிலர்கிட்ட மனு குடுத்திருக்கோம், நீங்களும் குடுங்க.

நான் 5க்கு 4 குடுப்பேன். எந்த டே கேர் பாக்கப் போனாலும் ஏசி இருக்கா, கேமரா இருக்கான்னு கேக்கறதோட நிக்காதீங்க, டாய்லெட்டுக்கு எத்தன மணிக்கொரு தடவ கூட்டிட்டுப் போறீங்க, குளிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க, பதில்லயே தெரிஞ்சிடும். உங்க பக்கம் எதுவுமே இல்லன்னா 14567, பெரியவங்களுக்கான அரசாங்க ஹெல்ப்லைன், காசு கெடையாது, கூப்ட்டு கேட்டுப் பாருங்க. இங்க சேக்கறவங்க மாத்து துணி ரெண்டு செட்டு, மாத்திரைச் சீட்டு, காது மிஷின் இருந்தா பேட்டரி எல்லாம் பேரு எழுதி குடுத்து விடுங்க. மத்தியானம் 12ல இருந்து 2 மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டாங்க, சோறு ஊட்டுற நேரம், அதுக்கு அப்புறம் கூப்டுங்க.