யூரிக் அசிட் மீட்டர்: ஏழு மாதம் விரலைக் குத்திப் பார்த்த பிறகு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எந்த மதிப்புரையிலும் நான் அதைத்தான் முதலில் தேடுவேன். இரத்தத்தில் யூரிக் அசிட் பார்க்கும் இந்த மீட்டரை 16,500 ரூபாவுக்கு வாங்கினேன். இரத்தத் துளியைத் தொடும் யூரிக் அசிட் ஸ்ட்ரிப் 25 உள்ள டப்பா அப்போது 5,400 ரூபா. வாங்கிய நேரம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350. அதாவது, அம்மாவுக்கு நாலு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்தால் ஒரு டப்பா. இந்தக் கணக்கு தலைக்குள் இருப்பதால்தான் ஒரு ஸ்ட்ரிப் வீணானாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. கீழே எழுதியிருப்பதை அந்த எரிச்சலோடு சேர்த்தே படியுங்கள்.

எனக்கு 28 வயது. நுவரெலியா டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை, வீடு நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில். 2024 தீபாவளிக்கு மறுநாள் இரவு இரண்டு மணிக்கு இடது கால் பெருவிரல் நெருப்பில் வைத்தது போல எரிந்து விழித்தேன். கம்பளி பட்டாலே உயிர் போனது. தீபாவளி அன்று ஆட்டிறைச்சி, ஈரல் வறுவல், நண்பர்களோடு நாலு போத்தல் பியர். காலையில் நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டர் விரலைப் பார்த்தவுடனேயே 'கௌட்' என்றார், யூரிக் அசிட் கூடி மூட்டில் வரும் வாதம். நோவு இறங்கி இரண்டு வாரம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அசிட் 8.9. ஆண்களுக்கு 7-ஐத் தாண்டினாலே கூடுதல். கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், யாருக்குத் துணையாக வந்தாய் தம்பி என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தில்தான் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் மீட்டரைத் தேடினேன். சீனி, கொலஸ்ட்ரோல், யூரிக் அசிட் மூன்றையும் ஒரே கருவியில் பார்க்கலாம், ஸ்ட்ரிப் மட்டும் வேறு வேறு. இந்த வகை மீட்டர்களை இப்போது நிறையப் பேர் விற்கிறார்கள். என்னுடையதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் இருந்த வேறொரு கம்பனியின் மீட்டரும் ஏறக்குறைய இதே குணம்தான்.

டெலிவரி ஒரு தனிக் கதை. 'வீட்டு நம்பர் சொல்லுங்க அண்ணே' என்று மூன்று தடவை போன் வந்தது. தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு அறைதான் எங்கள் லயக் காம்பரா, அதற்கு ஏது நம்பர்? எங்களுக்குக் கடிதம் என்றால் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும், கங்காணி கையில் கிடைத்து வீட்டுக்கு வர ஒரு வாரம் ஆகும். கடைசியில் கடை முகவரியைக் கொடுத்து வாங்கினேன். தோட்டத்தில் இருப்பவர்கள் முதலிலேயே டவுனில் தெரிந்த ஒரு கடையின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டிக்குள் மீட்டர், குத்தும் பேனா, ஊசிகள், ஒரு சின்னப் பை. ஒவ்வொரு ஸ்ட்ரிப் டப்பாவோடும் ஒரு கோட் சிப் வரும், அதை மாற்றாமல் பார்த்தால் இலக்கம் பிழைக்கும். முதல் நாள் பார்த்தபோது 512 என்று காட்டியது. அப்பாவுக்குக் கை நடுங்கிவிட்டது. 8.9-க்கே இந்தப் பாடு என்றால் 512-க்கு என்ன ஆகும்? அப்புறம் கையேட்டைப் புரட்டினால், அது மைக்ரோமோல் அலகு. 59.5-ஆல் வகுத்தால் 8.6. நம் ஆய்வுகூட ரிப்போர்ட்டில் வருவது மில்லிகிராம் கணக்கு. செட்டிங்கில் மாற்றலாம், ஆனால் அந்தப் பட்டனை மூன்று செக்கன் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கப் போன் திருத்துகிற எனக்கே அரை மணி நேரம் போனது.

அடுத்தது குளிர். கொழும்பில் இருந்து எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. என் கையேட்டில் சின்ன எழுத்தில் 14 முதல் 40 டிகிரிக்குள்தான் மீட்டர் வேலை செய்யும் என்று இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும் நேரத்தில் எங்கள் காம்பராவுக்குள் 14 எங்கே இருக்கப் போகிறது? வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும் என்று விடிய ஐந்தரைக்கு எழும்பினால் மீட்டர் எரர் காட்டும். ஒரு வாரம் பழுது என்றே நினைத்தேன். இப்போது இரவே மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரமும் சூடும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். விரலும் குளிரில் விறைத்திருக்கும், குத்தினால் இரத்தம் வராது. சுடுதண்ணீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு ஒரு நிமிடம் கழித்துக் குத்தினால் சரி. இரத்தம் வரவில்லை என்று விரலை நசுக்கிப் பிழிந்தால் இலக்கம் மாறும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஆறு ஸ்ட்ரிப் போய்விட்டது.

குளிருக்கும் இந்த வருத்தத்துக்குமே ஒரு தொடர்பு இருக்கிறது. ஆறிப்போன பிளேன் டீயில் சீனி கரையாமல் அடியில் தங்குவது போலத்தான், இரத்தத்தில் யூரிக் அசிட் கூடும்போது குளிர்ந்த இடத்தில் உப்பாகப் படிகிறது. உடம்பில் கால் பெருவிரல்தானே கடைசி மூலை. அதனால் நான் தூங்கும்போது காலுறை கழற்றுவதில்லை.

சரி, இலக்கத்தை நம்பலாமா? இரண்டு தடவை ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்த அதே காலையில் மீட்டரிலும் பார்த்தேன். ஆய்வுகூடம் 7.4, மீட்டர் 8.0. இன்னொரு நாள் ஆய்வுகூடம் 5.9, மீட்டர் 5.4. ஒரு தடவை கூட்டியும் ஒரு தடவை குறைத்தும் காட்டியிருக்கிறது. டொக்டர் எனக்கு வைத்த இலக்கு 6-க்குக் கீழே. அந்த 6-க்குப் பக்கத்தில்தான் இந்த அரைப் புள்ளி வித்தியாசம் ஆளைக் குழப்பும். விற்றமின் சி மாத்திரையும் இலக்கத்தைக் கெடுக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. தடிமனுக்கு அதைச் சப்பிக்கொண்டே இருக்கும் என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய வரி.

இனிச் சொல்லப் போவதுதான் மிக முக்கியம். இதை விற்கும் எந்தப் பக்கத்திலும் நான் பார்க்கவில்லை.

பெப்ரவரியில் ஒரு இரவு மறுபடி அதே விரல். உடனே மீட்டரை எடுத்துப் பார்த்தேன். 6.3. ஜனவரி முழுக்க 8-க்கு மேலே காட்டிய மீட்டர்! மூன்று வாரம் இறைச்சியையும் பியரையும் விட்டது வேலை செய்துவிட்டது, இது கௌட் இல்லை, வேலைக்குப் போகும் வழியில் படியில் இடறியது சுளுக்காகி இருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதினேன். காலையில் அப்பா தோட்டத்தில் சுளுக்கு எடுக்கும் தாத்தாவைக் கூட்டிவந்தார். அவர் எண்ணெய் தடவி, 'நரம்பு பிசகி இருக்கு தம்பி, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க' என்று விரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நான் போட்ட சத்தம் மேல் லயத்துக்குக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சுளுக்கு என்று சொன்னது நான்.

மறுநாள் கிளினிக்கில் டொக்டர் விளக்கினார். நோவு உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் யூரிக் அசிட் இறங்கிக்கூடக் காட்டலாம். அந்த நேர இலக்கத்தை வைத்து கௌட் இல்லை என்று சொல்ல முடியாது. நோவு அடங்கி இரண்டு வாரமாவது போன பிறகு பார்க்க வேண்டும். 16,500 ரூபா மீட்டர் சொல்லாததை இலவசக் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

நோவு அடங்கிய பிறகு, யூரிக் அசிட்டைக் குறைக்கும் அலோபியூரினோல் மாத்திரையைத் தொடங்கினார்கள். 100 மில்லிகிராமில் ஆரம்பித்து, இரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டி, இப்போது 300. தோலில் தடிப்பு, அரிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. இந்த மாத்திரை தொடங்கும் மாதங்களில் நோவு திரும்ப வரலாம் என்பதால் கூடவே கொஞ்ச நாள் கொல்சிசினும் தந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்குப் பதிலாகக் கார்த்திகைக் கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொன்னார். அந்தக் கிழங்கில் இருப்பதும் கொல்சிசின்தான், பாட்டி சொன்னதில் அவ்வளவு உண்மை. ஆனால் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளந்து தருவதில்லை, ஆளையே கொல்லும் விஷம். தொடாதீர்கள்.

மீட்டரால் எனக்கு உண்மையாகக் கிடைத்த நன்மை பருப்பு. எல்லோரும் பருப்பை நிறுத்தச் சொன்னார்கள். ரொட்டிக்குப் பருப்பும் இல்லையென்றால் தோட்டத்தில் என்ன சாப்பிடுவது, கட்டச் சம்பலை மட்டுமா? ஒரு வாரம் பருப்பே தொடாமலும் ஒரு வாரம் தினமும் சாப்பிட்டும் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். டொக்டரும் பருப்பால் பெரிய கேடு இல்லை, ஈரல், பாபத் (இரைப்பை, குடல்), நெத்தலி, பியர், சீனி போட்ட சோடா இவைதான் வில்லங்கம் என்றார். பெரும்பாலானோருக்குச் சாப்பாட்டைவிடச் சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாததுதான் காரணமாம், அது குடும்பத்திலும் வரும். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன் டீ குடிக்கும் அம்மாவின் பழக்கம் என்னிடமும் இருந்தது. அதை விட்டேன். சீனியில் பாதி, பழச்சீனியாக உடைந்து யூரிக் அசிட்டைக் கூட்டுகிறது.

மருந்து தொடங்கி அளவு கூட்டும் மாதங்களில், டவுனுக்குப் போய் நாள் சம்பளத்தை இழக்காமல் போக்குப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஒருமுறைதான் நோவு வந்தது, மருந்தும் இல்லை என்றால் ஆய்வுகூடத்தில் ஒரு தடவை பார்த்தால் போதும், செலவு எவ்வளவோ குறைவு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இந்த மீட்டர் சொல்லாது, அதற்கு எப்படியும் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

5-க்கு 3 கொடுக்கிறேன். குறைத்த இரண்டில் அரை மதிப்பெண் அந்தக் குளிர்கால எரருக்காக.

இப்போதைய டப்பாவில் 9 ஸ்ட்ரிப் மிச்சம். திறந்து 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அந்தக் கெடு வருகிற செவ்வாய்க்கிழமை. வீணாகப் போகாமல் அப்பாவின் விரலைக் குத்திப் பார்க்கலாம் என்று கேட்டேன். அவருக்கும் இரண்டு வருடமாகக் கணுக்காலில் ஒரு 'வாய்வு' வந்து போகிறது. மனிதர் ஊசியைக் கண்டதும் தோட்டம் கொத்தப் போய்விட்டார்.