நாலாயிரத்துக்குள் ஒரு நிஞ்ஜா: 1100 எஸ்எக்ஸ், முதல் 580 கிலோமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வண்டியின் முழு வேகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. கவாசாகி நிஞ்ஜா 1100 எஸ்எக்ஸ் பைக் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது, ஓடியிருப்பது 580 கிலோமீட்டர். முதல் 800 கிலோமீட்டருக்கு 4,000 ஆர்பிஎம்மைத் (நிமிஷத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) தாண்டாதே, அதற்கப்புறம் 1,600 வரைக்கும் 6,000-த்தோடு நிறுத்திக்கொள் என்பது புது எஞ்சினைப் பழக்கும் ரன்னிங்-இன் கணக்கு. இந்த எஞ்சினின் 136 குதிரைச் சக்தியும் வெளியே வருவது 9,000-ல். ஆக, கொடுத்த காசில் பாதியை நான் இன்னும் தொடவே இல்லை. அப்புறம் எதற்கு இப்போதே எழுதுகிறாய் என்றால், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்குத் தெரியவேண்டிய சங்கதி அந்த நாலாயிரத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பழைய 1000 எஸ்எக்ஸில் 1,043 சிசி, 142 குதிரை. புதியதில் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, 56 மில்லிமீட்டரிலிருந்து 59-க்கு நீட்டி 1,099 சிசி ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் பவர் 136-க்கு இறங்கிவிட்டது. பழையதை வைத்திருக்கும் நண்பன் ஒருவன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காசையும் குடுத்து ஆறு குதிரையத் தொலைச்சிட்டு வந்திருக்கியேடா" என்றான். சரி, அந்த ஆறு குதிரை எங்கே போச்சு? ஆர்பிஎம் பத்தாயிரத்தைத் தொடும் இடத்தில் போச்சு. நம் ரோட்டில் அந்த இடத்துக்கு மாதத்தில் எத்தனை தடவை போகப்போகிறோம்? பதிலுக்கு டார்க், அதாவது எஞ்சினின் இழுவை, 111-லிருந்து 113 நியூட்டன் மீட்டர் ஆகியிருக்கிறது, அதுவும் 8,000-க்குப் பதில் 7,600-லேயே வந்துவிடுகிறது. தாளில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லைதான். சென்னையில் திருவான்மியூரிலிருந்து டைடல் பார்க் சிக்னலைத் தாண்டும்போதுதான் விஷயம் புரிகிறது. முன்னால் ஷேர் ஆட்டோ சட்டென்று நிற்கிறது, நான் வேகத்தைக் குறைக்கிறேன், மூன்றாவது கியரிலேயே இருக்கிறேன், அது நகர்ந்ததும் த்ராட்டிலை லேசாகத் திருப்பினால் உதறல், இருமல் எதுவும் இல்லாமல் எஞ்சின் அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு முன் எட்டு வருஷம் நான் ஓட்டியது ஒரு 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, அதில் இதே இடத்தில் இரண்டு கியர் இறக்கியிருப்பேன்.

போன சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஏலகிரி போய் வந்தேன், போக வர 470 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி வாலாஜாபேட்டை வரைக்கும் வேலை நடக்கும் ரோடு, டைவர்ஷன், மறுபடி ரோடு, மறுபடி டைவர்ஷன். அதைப் பற்றி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. வாலாஜாவுக்கு அப்புறம் ரோடு திறந்துகொண்டது, வேகத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டேன். ஆறாவது கியரில் நூறுக்குப் போனாலும் ஆர்பிஎம் 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஐந்தாவது, ஆறாவது கியர்களை இந்த மாடலில் நீட்டிவிட்டிருக்கிறார்கள், அதன் பலன் இது. நாலு வழிச் சாலையில் இரண்டு சக்கரத்துக்குச் சட்டம் சொல்லும் வேகம் 80 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ரன்னிங்-இன் ஒரு தண்டனையாகவே தெரியாது. சொல்லப்போனால் நாலாயிரம் என்ற வேலி எனக்குக் குறுக்கே வந்தது மொத்தப் பயணத்தில் இரண்டே தடவை, இரண்டும் கன்டெய்னர் லாரியைத் தாண்டும்போது.

க்விக்‌ஷிஃப்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், க்ளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்றவிடும் வசதி அது. பழைய மாடலில் அது 2,500-க்கு மேல்தான் வேலை செய்யும், இதில் 1,500-லிருந்தே. ஏதோ விளம்பரத்துக்கு எழுதிய எண் என்று நினைத்திருந்தேன். நாலாயிரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒருத்தனுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஓட்டும்போதுதான் தெரிந்தது. க்ளட்சைத் தொடாமல் மேலேயும் ஏற்றலாம், கீழேயும் இறக்கலாம். இறக்கும்போது வண்டியே ஒரு சின்ன உறுமலோடு வேகத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஆம்பூர் ஊருக்குள் போகும்போது இடது கை கிட்டத்தட்ட விடுமுறையில் இருந்தது.

ஆம்பூர் என்றதும் பிரியாணி. அங்கேதான் நான் அசடு வழிந்த கதையும். கடைக்கு முன்னால் ரோட்டிலிருந்து கீழே சரியும் ஒரு மண் இடம், பழைய வண்டி பழக்கத்தில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டேன். சீரகச் சம்பா, கத்தரிக்காய் தொக்கு, எல்லாம் ஆனந்தமாக முடிந்து வெளியே வந்து வண்டியைப் பின்னால் தள்ளினால், அசையவில்லை. 238 கிலோ. என் உயரம் ஐந்தடி ஆறங்குலம், சீட் 835 மில்லிமீட்டர், கால் விரலும் கொஞ்சம் பாதமும்தான் தரையில் ஊன்றும், அந்த விரலை வைத்து மேட்டில் எங்கே தள்ளுவது? இறங்கி நின்று தள்ளினால் சைடு ஸ்டாண்ட் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பயம். ஷூ கம்பெனிக்குப் போகிற வழியில் டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று பையன்கள் வந்து, "ண்ணா, நீங்க உக்காருங்க, நாங்க இழுக்கிறோம்" என்று ஒரே மூச்சில் ரோட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். ஒருவன் மட்டும் போகும்போது, "இவ்ளோ காசு குடுத்தும் ரிவர்ஸ் கியர் இல்லீங்களாண்ணா?" என்று கேட்டான். தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. ஆனால் என் உயரத்துக்காரர் யாராவது வாங்குவதாக இருந்தால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள்.

வாணியம்பாடி தாண்டி, பொன்னேரி கூட்டு ரோட்டில் திரும்பினால் மலை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர் வைத்திருப்பார்கள். இங்கே எனக்குக் கொஞ்சம் உதறல் இருந்தது, இவ்வளவு எடையை வைத்துக்கொண்டு இறுக்கமான வளைவில் என்ன செய்வது என்று. முதல் இரண்டு வளைவில் எருமையைத் திருப்புகிற மாதிரிதான் திருப்பினேன். மூன்றாவதில்தான் என் தப்பு பிடிபட்டது. முதல் கியருக்கு இறக்கியிருந்தேன், அதனால் த்ராட்டிலை மூடினால் இழுத்துப் பிடித்தது, திறந்தால் துள்ளியது. இரண்டாவதிலேயே விட்டுவிட்டுப் பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு உள்ளே போனால் அவ்வளவு எடையும் எங்கேயோ காணாமல் போகிறது. இந்த மாடலில் பின் டிஸ்க்கை 260 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள், காலுக்கு அது நன்றாகத் தெரிகிறது. பாரி வளைவில் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். முல்லைக்குத் தேரைக் கொடுத்த மனுஷன். மன்னிக்க வேண்டும் ஐயா, என் தேருக்கு இன்னும் 60 தவணை பாக்கி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உட்காரும் நிலை பெயருக்கு ஏற்ற மாதிரி பயமுறுத்தாது. முதுகு கொஞ்சம் முன்னால் சாயும், மணிக்கட்டில் பாரம் இறங்காது. போகும்போது ஆம்பூர் வரைக்கும் இறங்காமல் உட்கார்ந்ததில் முதுகு ஒன்றும் சொல்லவில்லை, தொடைதான் லேசாக முனகியது. கண்ணாடித் திரைக்கு நாலு நிலை, கையால்தான் மாற்ற வேண்டும், மேலே ஏற்றிவிட்டால் நெஞ்சில் அடிக்கிற காற்று தோளுக்குப் போய்விடுகிறது. மனைவி ஒரு மாலை ஈசிஆரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அவளுடைய விமர்சனம் சுருக்கம்: "சீட் பரவால்ல, ஏறத்தான் ஏணி வேணும்." இரண்டு பேர் போகும்போது பின் சஸ்பென்ஷனை இறுக்க பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது, ஸ்பேனர் தேட வேண்டாம், கையால் திருகினால் போதும்.

சூடு? நகரத்து நெரிசலில் லிட்டர் அளவு நாலு சிலிண்டர் எதுவாக இருந்தாலும் சூடு இருக்கும், சித்திரை வெயிலில் ஓஎம்ஆரில் இதை ஆபீசுக்கு ஓட்டிப்போகப் போகிறேன் என்பவருக்கு என் அனுதாபம். பெட்ரோல் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்தது, இவ்வளவு பதவிசாக ஓட்டியதற்கு. 19 லிட்டர் டேங்க், அதனால் முந்நூறு கிலோமீட்டருக்குப் பங்க்கைத் தேட வேண்டாம். ஹேண்டிலில் யூஎஸ்பி-சி இருக்கிறது. பெட்டி தனி, இரண்டு பக்கமும் 28 லிட்டர் வீதம் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்குத் தனிக் காசு. டூரிங் வண்டி என்று பெயர் வைத்துவிட்டுப் பெட்டியைத் தனியாக விற்பது எந்த ஊர் நியாயமோ.

காசு என்று வந்துவிட்டதால்: அறிமுகமானபோது ஷோரூம் விலை 13.49 லட்சம். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம், அந்த விலைக்கு அதுவே ஒன்றரை லட்சத்துக்கு மேல் வருகிறது, இன்ஷூரன்ஸ் அதற்குமேல். இந்தக் காசுக்கு ஒரு நல்ல காரே வந்துவிடும் என்று அப்பா சொன்னார். வரும்தான். பொன்னேரி கூட்டு ரோட்டில் டீக்கடைப் பெரியவரும் அதையே சொன்னார், ஆனால் அவர் அதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்று சுற்றி, டேங்க்கைத் தட்டிப் பார்த்து, பின் டயரில் விரலை வைத்து அகலம் அளந்துவிட்டுச் சொன்னார்.

எண்ணூறுக்கு இன்னும் 220 கிலோமீட்டர் பாக்கி. வருகிற ஞாயிறு பாண்டிச்சேரி போய்த் திரும்பினால், வரும் வழியில் கல்பாக்கம் பக்கத்தில் எங்கேயோ அது முடியும். அங்கிருந்து வீடு வரைக்கும் ஆறாயிரம் என் கையில்.