டீனா, சாமா? வின்செஸ்டர் சகோதரர்களில் யார் பக்கம் சாய்வது?

பேய், பிசாசுகளை வேட்டையாடும் டீன் (அண்ணன்), சாம் (தம்பி) பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘சூப்பர்நேச்சுரல்’ 2005 முதல் 2020 வரை 15 சீசன், 327 பகுதிகள் ஓடியது. அத்தனையும் பார்த்துவிட்டு இன்னும் அண்ணனா தம்பியா என்று தவிப்பவர்களுக்காக இது.

தியாகம்
டீன்: செத்த தம்பியை மீட்கத் தன் ஆன்மாவை விற்றான். கெடு ஒரே வருடம், பிறகு நரகம்.
சாம்: சாத்தானான லூசிஃபரை உடலில் ஏற்றிக்கொண்டு, அவனை அடைத்துவைக்கும் நரகக் கூண்டுக்குள் குதித்தான்.

பொய்
சாம்: ரூபி என்ற பிசாசோடு சேர்ந்து ரகசியமாகப் பிசாசு ரத்தம் குடித்தான்.
டீன்: சாகக் கிடந்த சாமுக்குள் ஒரு தேவதூதனைப் புகவிட்டான். அந்தத் தேவதூதன் டீனின் உருவில் வந்து சாமிடம் சம்மதம் வாங்கினான். விளைவு, அந்தத் தேவதூதன் கையால் இவர்களின் நண்பன் கெவின் செத்தான். எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இதுதான். ரூபியிடம் சாம் ஏமாந்தது தன் விஷயத்தில். டீன் இன்னொருவனின் உடம்பின் மேல் முடிவெடுத்தான்.

உலகத்துக்கு வந்த கேடு
சாம்: லிலித் என்ற பிசாசைக் கொன்று, லூசிஃபரின் கூண்டைப் பூட்டியிருந்த முத்திரைகளில் கடைசியை உடைத்தான்.
டீன்: முதல் முத்திரையே இவனால்தான் உடைந்தது. நரகத்தில், அங்கத்திய கணக்கில் 30 வருடம் வதைபட்டபின் மற்றவர்களை வதைக்கச் சம்மதித்தான். சாமைத் திட்டுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

பர்கேட்டரி
செத்த அரக்கர்கள் போய்ச் சேரும் இடம் அது. டீன் அங்கே சிக்கியபோது சாம் தேடவே இல்லை. சரி, இதற்கு என்னிடமும் பதில் இல்லை.

தவறு செய்து திருந்துபவனின் கதை வேண்டுமென்றால் சாம். முதல் ஐந்து சீசன்களே போதும். பாசமே நோயாகிப்போன ஒருவனைப் பார்க்க வேண்டுமென்றால் டீன். எட்டிலிருந்து பத்து வரை பாருங்கள். நான் சாம் பக்கம், ஆனால் அவர்கள் ஊர் சுற்றும் அந்த 1967 இம்பாலா காரை மட்டும் டீனிடமே விட்டுவிடலாம்.