எழ மறுத்த பழைய கணினி: பதினைந்து ஆண்டு அனுபவம்

2009-ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினி ஒன்றை இன்னும் பயன்படுத்தி வருகிறேன். பிராசஸரைப் பொருத்த எல்ஜிஏ 775 என்ற பழைய வகை சாக்கெட்டும், டிடிஆர்2 என்ற பழைய வகை ரேமும் கொண்ட அந்தப் பெட்டியை விட்டுவிட முடியாததற்கு, புதிய இயங்குதளங்களில் ஓடாத பழைய ஸ்கேனர் ஒன்றே காரணம். இத்தனை ஆண்டுகளில் அது மூன்று முறை எழ மறுத்திருக்கிறது. இரண்டு முறை பழுதை விரைவில் கண்டுபிடித்தேன். மூன்றாவது முறை, சரியான பாகத்தைச் சோதித்தும் தவறான முடிவுக்கு வந்து, இரண்டு மாதங்களை வீணடித்தேன்.

முதல் முறை மின்விசிறிகள் சுற்றின, ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. கேபினட்டில் ஸ்பீக்கர் இல்லாததால் மதர்போர்டு சொல்ல வந்தது என் காதில் விழவில்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஸ்பீக்கரை அதற்குரிய பின்களில் செருகி, ரேமை முழுவதும் கழற்றிவிட்டு இயக்கியபோது நீண்ட பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. ரேம் இல்லை என்று முறையிடும் அளவுக்கு இயந்திரம் விழித்திருக்கிறது என்றால், பிராசஸரும், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்பும் வேலை செய்கின்றன என்று பொருள். அந்த ஒரே ஒலியில் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் இருப்பதால் ரேமின் தொடுமுனைகளில் மங்கல் படிந்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது.

இரண்டாவது பழுது சிரிப்புக்குரியது. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி ஓடி நின்றுவிடும். முகப்புப் பலகத்திலிருந்து வரும் வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானுக்குரிய இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு இணைத்தபோது கணினி ஒழுங்காக எழுந்தது. முகப்பு யுஎஸ்பி துளைக்குள் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, உள்ளே வளைந்த கம்பி உலோக உறையைத் தொட்டு ஷார்ட் ஆகியிருந்தது. அந்தத் துளையை இன்றுவரை இணைக்காமலே விட்டிருக்கிறேன்.

மூன்றாவது பழுது 2021-ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில் தொடங்கியது. காலையில் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி ஒருமுறை துடித்து அடங்கிவிடும். ஐந்தாறு முறை அழுத்திய பிறகு எழும். எழுந்துவிட்டால் நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் இருக்காது. பழுதுபார்க்கும் கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் கெட்டிருக்குமோ என்று எனக்கும் தோன்றியதால், அதைத் தனியே எடுத்து, மதர்போர்டு இல்லாமலே அதை எழுப்புவதற்காக 24 பின் இணைப்பில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துப் பார்த்தேன். விசிறி சுற்றியது. அதனால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ததுதான் என் தவறு. சுமை ஏதும் இல்லாதபோது அது எழுகிறது என்பதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும். மதர்போர்டு இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பிறகு இணைப்பை மதர்போர்டில் செருகியபடியே, ஊதா வயரில் மல்டிமீட்டரை வைத்தேன். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் அந்த வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓய்வில் 4.9 காட்டிய மீட்டர், பொத்தானை அழுத்திய கணத்தில் 4.3-க்குச் சரிந்தது. நண்பரிடம் வாங்கி வந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்தியதும் கணினி முதல் அழுத்தத்திலேயே எழுந்தது. பழையதை மீண்டும் மாட்டியதும் பழையபடி அடம்பிடித்தது. மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், திரும்ப மாட்டியும் பார்த்தால்தான் சந்தேகம் தீரும்; இல்லையெனில் வயரை அசைத்ததால் சரியானதா, பாகத்தை மாற்றியதால் சரியானதா என்பது தெரியாது.

எஸ்எம்பிஎஸ்ஸின் மற்ற பகுதிகள் கணினி ஓடும்போது மட்டும் உழைக்க, ஊதா வயருக்கு மின்சாரம் தரும் சிறு சுற்று மட்டும் இரவு பகலாக உழைக்கிறது. மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் அங்குள்ள கெப்பாசிட்டர்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் உலர்ந்து, அவற்றின் உள் மின்தடை கூடிவிட்டது. குளிரில் அது இன்னும் கூடும் என்பதால்தான் மார்கழிக் காலையில் மட்டும் தொல்லை. மேற்புறம் உப்பியிருந்தால் பார்த்தவுடன் தெரியும். இவை உப்பவே இல்லை. தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் ஒருவர், 105 டிகிரி தாங்கும் இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றித் தந்தார். எஸ்எம்பிஎஸ் பெட்டியை நானே திறக்கத் துணியவில்லை. உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 230 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 325 வோல்ட் வரை ஏற்றம் பெறும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அதைத் தேக்கி வைத்திருக்கும்.

அதன் பிறகு இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன். இதற்கும் ஒரு விலை உண்டு: அந்த 5 வோல்ட் இல்லாத நேரமெல்லாம் கணினியின் கடிகாரம் சிஆர்2032 பேட்டரியைத் தின்கிறது. சென்ற ஆண்டு தேதி பின்னோக்கிப் போய் நின்றபோது அளந்து பார்த்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரியில் 2.5 வோல்ட்தான் மிஞ்சியிருந்தது.